தட்டில் பதியும்வரை

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஒரு கோப்பை எழுதி முடித்துவிட்டதாக எண்ணும் கணத்தில், அந்தக் கோப்பின் ஒரு பைட்கூட வன்தட்டைச் சென்றடைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதும் அழைப்பைப் பெற்றுக்கொள்ளும் கர்னல், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையில் நின்று ஆளும் மையப்பகுதி, தரவை முதன்மை நினைவகத்தில் கேஷ் எனப்படும் இடைத்தேக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று உடனே விடை தந்துவிடுகிறது. தட்டுக்கு அனுப்பும் வேலையைக் கர்னலின் பின்னணி இழைகள் பிறகு செய்கின்றன. வழக்கமான அமைப்பில் அவை 5 விநாடிக்கு ஒருமுறை விழித்தெழுந்து, 30 விநாடிக்கு மேல் தேங்கிவிட்ட தரவைத் தட்டுக்கு அனுப்புகின்றன. இன்றைய கணினி விரைவாகத் தோன்றுவதற்கு இந்த ஒத்திப்போடுதல் ஒரு முதன்மையான காரணம். அந்த 30 விநாடிக்குள் மின்சாரம் நின்றுவிட்டால், நிரல் எழுதிவிட்டதாக நம்பியது எங்குமே இல்லாமல் போகும் என்பது அதற்கு ஈடாகக் கொடுக்கப்படும் விலை.

ஒத்திப்போடக் கூடாது என்று ஒரு நிரல் வற்புறுத்துவதற்கென்று இருக்கும் அழைப்பு எஃப்சிங்க். இன்ன கோப்பின் தரவு நிலையான சேமிப்பில் பதிந்துவிட்டது என்று சேமிப்புக் கருவியே ஒப்புக்கொள்ளும்வரை இது நிரலைக் காத்திருக்க வைக்கிறது. ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை தபால் நிலைய வாசலை விட்டு நகராமல் நிற்பதற்கு இது நிகரானது. ஒரே ஒரு கடிதத்துக்கு அப்படி நிற்பது பெரிய சுமையன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தாயிரம் கடிதங்களுக்கு நிற்க நேர்ந்தால் கணக்கு மாறிவிடும். லினக்ஸ் கணினியில் அப்படிப் பத்தாயிரம் கோப்புகளை ஒரே மூச்சில் எழுதும் வேலையாகச் சாதாரணப் பயனர் சந்திப்பது மென்பொருள் பொதிகளின் புதுப்பித்தல். எழுத்துரு, படவுரு, கர்னல் தலைப்புக் கோப்புகள் ஆகியவற்றைக் கொண்ட பொதிகளில் சில கிலோபைட் அளவுள்ள சின்னஞ்சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், மொத்த அளவு சிறியதாயினும் எண்ணிக்கை மலைக்க வைப்பதாக இருக்கும்.

டெபியன் லினக்ஸிலும் அதன் வழிவந்த உபுண்டு முதலியவற்றிலும் இந்த வேலையைச் செய்யும் கருவிக்கு டிபிகேஜி என்று பெயர். தமிழ்நாட்டில் பலர் தாம் அறியாமலே இக்கருவியின் பயனராக இருந்திருக்கிறார்கள். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளியான பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் மாணவர் கைகளைச் சென்றடைந்தது. அந்த மடிக்கணினிகளில் இருந்தவை சுழலும் வன்தட்டுகள். அதே காலத்தில்தான் மாநிலம் கடும் மின்பற்றாக்குறையில் சிக்கியிருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு நீடித்தது. தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலம்-ஜோலார்பேட்டை ரயில் பாதையில் அமைந்த பொம்மிடி போன்ற ஊரில், கோப்பு தட்டில் பதிந்ததா இல்லையா என்பது கணினி அறிவியல் பாடநூலின் நுணுக்கமாக மட்டும் இருந்துவிடாமல் அன்றாடக் கேள்வியாகும் சூழல் அப்படித்தான் உண்டாயிற்று. மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு. ஆகவே திடீர் மின்தடை அதை நேரடியாகத் தாக்குவதில்லை. மின்கலம் வலுவிழந்துபோன நான்கைந்து ஆண்டுப் பழைய மடிக்கணினியும், யூபிஎஸ் செயலிழந்த மேசைக் கணினியும்தான் உண்மையில் ஆபத்தின் எல்லைக்குள் இருப்பவை.

இந்த ஆபத்து எந்த வடிவில் வெளிப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள 2009ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும். 2008 டிசம்பரில் வெளியான 2.6.28ஆம் கர்னலில் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை சோதனை நிலையைக் கடந்து பயன்பாட்டுக்குத் தகுதியானதாக அறிவிக்கப்பட்டது. கோப்பு முறைமை என்பது தட்டின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடு. பெயர், அளவு, இடம் ஆகிய கணக்கு விவரங்களில் செய்யப்படும் மாற்றங்களை முதலில் ஜர்னல் என்னும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை ஈஎக்ஸ்டி4 தன் முன்னோடியான ஈஎக்ஸ்டி3இடமிருந்து பெற்றது; 5 விநாடிக்கு ஒருமுறை அந்தப் பதிவு உறுதியாகும். ஆனால் ஈஎக்ஸ்டி3இல் பதிவேடு உறுதியாகும் முன்பே உரிய தரவும் தட்டுக்குப் போய்விடும். ஈஎக்ஸ்டி4 மேலும் விரைவை வேண்டி, தரவுக்குத் தட்டில் இடம் ஒதுக்குவதையே கடைசிவரை ஒத்திப்போடும் உத்தியைக் கையாண்டது. இடமே ஒதுக்கப்படாத தரவை முன்கூட்டி அனுப்ப வழியில்லை. இதனால், ஒரு நிரல் புதிய கோப்பை வேறு பெயரில் எழுதிப் பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்டினால், பெயர் மாற்றம் 5 விநாடிக்குள் உறுதிப்பட்டுவிடும், உள்ளடக்கமோ அரை நிமிடம் கழித்தே வந்து சேரும். இந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் மறுபடி தொடங்கும் கணினியில் பழைய கோப்பும் இருக்காது, புதிய உள்ளடக்கமும் இருக்காது. சரியான பெயரோடு சுழிய பைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றே எஞ்சும்.

உபுண்டு 9.04 பதிப்பை வெளியீட்டுக்கு முன் சோதித்தவர்கள் இப்படிப்பட்ட வெற்றுக் கோப்புகளைக் கண்டு முறையிட்டபோது, ஈஎக்ஸ்டி4இன் முதன்மை ஆக்குநர் தியோடர் சோ, எஃப்சிங்க் செய்யாத நிரலுக்கு எந்த உத்தரவாதமும் ஒருபோதும் அளிக்கப்பட்டதில்லை என்பதை நினைவூட்டினார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் ஈஎக்ஸ்டி3இன் பல ஆண்டுப் பழக்கம் அளித்த உத்தரவாதத்தை நம்பியே பல நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. 2.6.30ஆம் கர்னலில் ஒரு சமரசம் சேர்ந்தது: ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மீது பெயர் மாற்றம் நிகழ்ந்தால் அதன் தரவை உடனே வெளியே தள்ளுவது என்பதே அது. முன்பு இல்லாத பெயரில் புதிதாகத் தோன்றும் கோப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. பொதிப் புதுப்பித்தலில் இரண்டு வகைக் கோப்புகளும் கலந்தே வருகின்றன. சி மொழியின் அடிப்படை நூலகம் வெற்றுக் கோப்பாகிவிட்டால் அந்தக் கணினியில் ஏறக்குறைய எந்த நிரலும் தொடங்காது. அதைவிட வழக்கமான சேதம் டிபிகேஜியின் சொந்தக் கணக்குகளில் நேர்வது: எந்தப் பொதி எந்தக் கோப்புகளை நிறுவியது என்ற பட்டியல் கோப்பு சிதைந்துவிட, பொதி மேலாளர் மேற்கொண்டு எதையும் செய்ய மறுத்து நின்றுவிடும்.

எனவே 2010இல் டிபிகேஜி தான் விரித்தெடுக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் செய்யத் தொடங்கியது, உடனே வேகம் குறைந்தது குறித்த புகார்களும் தொடங்கின. அதே ஆண்டில் ஃபோர்ஸ்-அன்சேஃப்-ஐஓ என்ற விருப்பத்தேர்வும் சேர்க்கப்பட்டது; அதைக் கொடுத்தால் பெயர் மாற்றத்துக்கு முன் செய்யும் எஃப்சிங்க் கைவிடப்படும். டிபிகேஜியின் கையேட்டில் இந்த விருப்பத்தேர்வுக்கான குறிப்பு, கையேடுகளில் அரிதாகக் காணப்படும் கசப்போடு எழுதப்பட்டிருக்கிறது: எந்தக் கோப்பு முறைமைகள் தம் நம்பகமின்மையால் இந்தப் பாதுகாப்பைத் தேவையாக்கினவோ, பாதுகாப்பினால் கடுமையாக மந்தமாகுபவையும் அவையே என்று அது குறைபட்டுக்கொள்கிறது. ஸ்டூவர்ட் ஸ்மித் எழுதிய லிப்ஈட்மைடேட்டா என்ற சிறு நூலகம் இன்னும் ஒரு படி மேலே போய், தன்னுடன் சேர்த்து இயக்கப்படும் எந்த நிரலின் எஃப்சிங்க் அழைப்பையும் எதுவும் செய்யாத வெற்று அழைப்பாக்கிவிடுகிறது.

இத்தனைக்கும் காரணமான அந்த மந்தம் எவ்வளவு என்று அளப்பது எளிதாகத் தோன்றும். பாதுகாப்போடு ஒருமுறையும் பாதுகாப்பின்றி ஒருமுறையும் புதுப்பித்து, இரண்டு நேரங்களின் வேறுபாட்டைக் கண்டால் போதுமல்லவா? போதாது, இந்த அளவீட்டில் சறுக்கி விழும் இடங்கள் பல.

முதலில் எதிர்பார்ப்பைக் கணித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் எதிர்பார்ப்பு இல்லாதவருக்குத் தவறான விடையும் சரியானதாகவே தெரியும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் மடிக்கணினி வன்தட்டு ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவிநாடியும், 7200 முறை சுழலும் மேசைக் கணினித் தட்டு 8.3 மில்லிவிநாடியும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு எஃப்சிங்க் நிறைவேற, தரவு தன்னிடத்திலும் கணக்கு விவரம் ஜர்னலிலும் எழுதப்பட்டு, அந்தப் பதிவை உறுதிசெய்யும் கடைசித் துண்டும் பதிய வேண்டும். எழுதுமுனை இரண்டு மூன்று முறை இடம் பெயர்ந்து, தட்டு சுழன்று வரக் காத்திருக்க வேண்டியிருப்பதால் 20 முதல் 40 மில்லிவிநாடிவரை ஆகலாம். ஒரு கோப்புக்கு 30 மில்லிவிநாடி என்று வைத்தால் பத்தாயிரம் கோப்புகளுக்கு 300 விநாடி, அதாவது 5 நிமிடம். நகரும் உறுப்பு ஏதுமற்ற திடநிலைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் சாதாரண வகைக்கு ஒரு எஃப்சிங்க் ஓரிரு மில்லிவிநாடியில் முடிவதுண்டு. மின்தடையின்போதும் தாக்குப்பிடிக்கும் மின்தேக்கிகள் பொருத்தப்பட்ட தரவுமைய வகைகள் அதற்கும் பல மடங்கு விரைவானவை, தம் உள் நினைவகத்தில் பெற்றுக்கொண்ட தரவையே பாதுகாப்பானதாக அறிவிக்கும் தகுதி அவற்றுக்கு உண்டு.

மேற்கண்ட பெருக்கல் கணக்கு மெய்யான அளவைவிடக் கூடுதலாகவே வரும் என்பது அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். டிபிகேஜி ஒவ்வொரு கோப்பையும் எழுதியவுடன் காத்திருப்பதில்லை. பொதி முழுவதையும் தற்காலிகப் பெயர்களில் விரித்து, தட்டுக்கு அனுப்பத் தொடங்குமாறு கர்னலுக்குக் குறிப்புக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கோப்பு கோப்பாக எஃப்சிங்க் செய்து, பின் பெயர் மாற்றுகிறது. ஈஎக்ஸ்டி4இன் ஜர்னல் எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானது என்பதால், முதல் கோப்புக்கான எஃப்சிங்க் தன்னோடு நூற்றுக்கணக்கான கோப்புகளின் கணக்கையும் சேர்த்தே உறுதிசெய்துவிடுகிறது; அடுத்துவரும் அழைப்புகளுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, தட்டின் உள் கேஷைக் காலிசெய்யும் கட்டளை மட்டுமே. ஆகவே நேரம் கோப்புகளின் எண்ணிக்கையோடு மட்டுமல்லாமல் பொதிகளின் எண்ணிக்கையோடும் சேர்ந்தே வளர்கிறது. ஐந்நூறு கோப்புகள் கொண்ட ஒரு பொதியைவிட, ஐந்து கோப்புகள் கொண்ட நூறு பொதிகள் கூடுதலான நேரத்தை விழுங்கக்கூடும்.

எஸ்ட்ரேஸ் என்ற கருவி, ஒரு நிரல் கர்னலிடம் விடுக்கும் அழைப்புகளை எண்ணித் தொகுத்துத் தருவது. அதன் தொகுப்பு அட்டவணையை நம்பி, எஃப்சிங்க் ஒன்றும் பெரிய செலவில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. வழக்கமான நிலையில் அந்த அட்டவணை காட்டுவது, அழைப்புக்காகச் சிபியு எனப்படும் செயலகம் கர்னலுக்குள் செலவிட்ட நேரத்தை. எஃப்சிங்க் செய்த நிரலோ அந்த நேரத்தில் பெரும்பகுதி உறங்கிக் கிடக்கிறது, உறக்கம் அந்தக் கணக்கில் சேராது. கடிகாரப்படி கழிந்த நேரத்தைக் கூட்டும்படி தனியே கேட்டால்தான் உறக்கமும் எண்ணப்படும். அப்போது அதே அழைப்பு அட்டவணையின் உச்சிக்கு ஏறிவிடும்.

இதைவிடக் கவனமாக ஆராய வேண்டியது ஓட்டத்தின் முடிவுக்கோட்டை எங்கே வரைவது என்ற சிக்கல். பாதுகாப்பற்ற முறையில் நடந்த புதுப்பித்தல் முடிந்ததாகத் திரை காட்டும்போது, வேலையின் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே கிடக்கிறது. கடிகாரத்தை அங்கேயே நிறுத்துபவர், வேலையை முடித்தவரையும் முடிக்காமலே எழுந்துபோனவரையும் ஒப்பிட்டு, இரண்டாமவர் சுறுசுறுப்பானவர் என்று சான்றிதழ் வழங்குகிறார். நேர்மையான ஒப்பீட்டுக்குப் பாதுகாப்பற்ற ஓட்டத்தின் முடிவில், தேங்கியுள்ள எல்லாவற்றையும் தட்டுக்கு அனுப்பும் சிங்க் கட்டளையைக் கொடுத்து, அது முடியும் வரையுள்ள நேரத்தையும் சேர்க்க வேண்டும். அப்போது கிடைக்கும் வேறுபாடு, தரவை எழுதுவதன் செலவை நீக்கிவிட்டு, அதைச் சிறுசிறு தவணைகளாக, குறிப்பிட்ட வரிசையில் எழுத வேண்டியிருப்பதன் செலவை மட்டும் காட்டும். அளக்க விரும்பியது உண்மையில் அதுதான். தேங்கிய தரவு மொத்தமாக அனுப்பப்படும்போது கர்னல் அவற்றைத் தட்டின் இட வரிசைப்படி அடுக்கிக்கொள்வதால் எழுதுமுனையின் அலைச்சல் குறைகிறது. மிச்சமாகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த அடுக்கலிலிருந்தே வருகிறது.

மற்ற ஏற்பாடுகள் பொறுமையைக் கேட்பவை, சிந்தனையை அவ்வளவாகக் கேட்பதில்லை. பொதிகளை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்காவிட்டால் அளவீட்டில் இணைய வேகமும் கலந்துவிடும். பொதி விரித்தலையும், அதைத் தொடர்ந்து வரும் அமைவுக் கட்டத்தையும் பிரித்து அளக்க வேண்டும், ஏனெனில் கர்னலின் தொடக்க வட்டுப் படிமத்தை மறுபடி உருவாக்குதல், கையேட்டுப் பக்கங்களை அட்டவணைப்படுத்துதல் முதலியவை செயலகத்தின் வேலைகள். மெதுவான செயலகம் கொண்ட கணினியில் எஃப்சிங்க் மேல் சுமத்தப்படும் பழியில் ஒரு பங்கு இவற்றுக்கே உரியது. ஒவ்வொரு ஓட்டமும் ஒரே நிலையிலிருந்து தொடங்கத் தட்டின் படிமத்தை மீட்டெடுக்கவும், முந்தைய ஓட்டத்தின் எச்சமான கேஷைக் காலிசெய்யவும், இரு முறைகளையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி இடைநிலை மதிப்பை எடுக்கவும் வேண்டும்.

பொய் சொல்லும் கருவிகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருள், உள்ளே ஓடும் இயங்குதளம் தட்டின் கேஷைக் காலிசெய்யக் கட்டளையிடும்போது வழக்கமாக அதைப் பொருட்படுத்துவதில்லை. வேகத்துக்காகவே இப்படி அமைத்திருப்பதாக அதன் கையேடே சொல்கிறது. அதற்குள் அளந்துவிட்டு எஃப்சிங்க்கின் செலவு அற்பமானது என்று அறிவிப்பவர், செய்யப்படாத வேலையின் செலவை அறிவிக்கிறார். மெய்யான தட்டுகளிலும் கட்டளையைச் செய்யாமலே செய்ததாகத் தலையாட்டும் மலிவுப் பொருள்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இயற்பியலே ஓர் எளிய சோதனையைத் தருகிறது: ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதி ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் செய்தால், அந்த இடம் எழுதுமுனைக்குக் கீழே மறுபடி வர ஒரு முழுச் சுற்று ஆக வேண்டும், ஆகவே 7200 சுழற்சித் தட்டில் விநாடிக்கு 120 முறைக்கு மேலும், 5400 சுழற்சித் தட்டில் 90 முறைக்கு மேலும் அது நிகழ இயலாது. ஆயிரக்கணக்கில் நிகழ்ந்ததாக எண் வந்தால், தரவு தட்டின் உள் நினைவகத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்.

அளவீடு சரியாக அமைந்தபின், அந்தச் செலவு தகுமா என்பது இடத்தைப் பொறுத்தது. தானியங்கிச் சோதனைக்காக ஒரு மணி நேரம் வாழ்ந்து அழிக்கப்படும் கொள்கலத்தில் எஃப்சிங்க் வீண்; இத்தகைய கொள்கலங்களை இயக்கும் டாக்கர் மென்பொருளுக்கான டெபியன் படிமங்கள் ஃபோர்ஸ்-அன்சேஃப்-ஐஓ அமைப்போடுதான் வெளியிடப்படுகின்றன, அது முற்றிலும் நியாயம். அதன் மறுகோடியில், பொம்மிடியில் யூபிஎஸ் இல்லாமல் இயங்கும் ஒரு மேசைக் கணினியை எண்ணிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக, பாதுகாப்பு ஒரு புதுப்பித்தலில் 3 நிமிடத்தைக் கூட்டுகிறது என்றும், சிதைந்த இயங்குதளத்தை மறுபடி நிறுவ 3 மணி நேரம் ஆகும் என்றும் கொண்டால், அறுபது புதுப்பித்தல்களில் ஒன்றேனும் சிதைவில் முடிந்தால்தான் பாதுகாப்பு தன் செலவை மீட்கும். சேர்வராயன் மலையடிவாரத்தில் கோடை மழைக்கு முந்தைய காற்று வீசும் நாளொன்றில் நான்கு முறை மின்சாரம் போவதாகவும், புதுப்பித்தல் 10 நிமிடம் நடப்பதாகவும் வைத்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு 1440 நிமிடத்தில் 40, அதாவது முப்பத்தாறில் ஒன்று. மோதிய ஒவ்வொரு முறையும் கணினி சிதைந்துவிடும் என்பதில்லை, படவுருக் கோப்பு ஒன்று வெறுமையானால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே பழைய சுழல்தட்டைப் பொறுத்தவரை, நேரத்தை மட்டும் கணக்கிட்டால் பாதுகாப்பின் பக்கம் தராசு தெளிவாகச் சாய்வதாகச் சொல்ல முடியாது. கூட்டல் 5 விநாடியே ஆகும் எஸ்எஸ்டியிலோ சமநிலைப்புள்ளி 2160 புதுப்பித்தல்களுக்கு ஒரு சிதைவு என்று கீழிறங்கிவிடுவதால், அங்கே பாதுகாப்பைக் கைவிடுவதற்கு ஏறக்குறைய எந்தக் காரணமும் மிஞ்சாது.

இந்தக் கணக்கில் விடுபட்டவை இரண்டு. முதலாவது, கணினி காத்திருக்கும் 3 நிமிடமும் மனிதர் உழைக்கும் 3 மணி நேரமும் ஒரே அலகில் எண்ணப்பட்டிருக்கின்றன. யாரும் பார்க்காத இரவு வேளையில் தானாக நடக்கும் புதுப்பித்தல் 3 நிமிடம் நீண்டால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. புதுப்பித்தல் நடக்கும்போதே ஒருவர் அதே கணினியில் வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும், பொது ஜர்னலின் காரணமாக அவருடைய கோப்பைச் சேமிக்கும் அழைப்பும் டிபிகேஜியின் வரிசைக்குப் பின்னால் நின்று திரை உறைந்ததுபோலத் தோன்றும். 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 உலாவியின் சோதனைப் பதிப்புகள் ஈஎக்ஸ்டி3இல் திக்கித் திணறியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நோய்தான். இரண்டாவது, உடனே வெளிப்படாத சிதைவு. வெறுமையாகிப்போன நூலகக் கோப்பு மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் நிரலுக்கு உரியதாக இருந்தால், மின்தடை நடந்த நாளில் எந்த அறிகுறியும் தெரியாது. வாரங்கள் கழித்து அந்த நிரல் தொடங்க மறுக்கும்போது காரணத்தை மின்தடையோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நிறுவப்பட்ட கோப்புகளை அவற்றின் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடும் வசதி டிபிகேஜியிலேயே உண்டு. பாதுகாப்பற்ற முறையைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகி ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதை ஓட்டத்தான் வேண்டும், அதற்காகச் சுழல்தட்டிலுள்ள எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை முழுக்கப் படிக்க ஆகும் நேரமோ மிச்சம்பிடித்த 3 நிமிடத்தைவிட நீளமானது.